கூரைக்காரரிடம் ஒரு கேள்வி

1

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக் கூரைக்கு வயதாகிவிட்டதாம். அறுபது நாளுக்குள் புதுக்கூரை போட வேண்டும். அதற்கு ஊராட்சியில் பெர்மிட் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத வீட்டை, கடன் கொடுத்த வங்கி சும்மா விடாது. தலைக்கு மேலே இருப்பது போனால் காலுக்குக் கீழே இருப்பதும் போய்விடும் என்பதை "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்து எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் ஃப்ளோரிடாவில் இருக்கிறேன். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு, சொல்லி வைத்தாற்போல மழை வரும் ஊர். இங்கே கூரை என்றால் நம் ஊர் மாதிரி தளம் கிடையாது. மரச்சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் தார் பூசிய வில்லைகளை வரிசை வரிசையாக அடித்திருப்பார்கள். ஷிங்கிள் என்று பெயர். வீடு வாங்கிய புதிதில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு விலைக்கு அட்டைப்பெட்டியா என்று என் மனைவி உமா கேட்டாள்.

கடிதத்தோடு வழவழப்பான வண்ணத்தாள் ஒன்றும் இருந்தது. கூரை போட ஆள் அமர்த்தும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று பட்டியல். முதல் வரியே, "அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்பரை வாங்கி அரசாங்க இணையதளத்தில் சரிபாருங்கள்" என்பதுதான். என் மகள் நித்யா அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "ரெண்டு நிமிஷ வேலைப்பா" என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு எல்லாமே இரண்டு நிமிட வேலை.

எனக்கு அந்த இரண்டு நிமிட வேலைக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பிறர் செய்த மென்பொருளில் என்ன தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். இருபது வருடமாகச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

2

எங்கள் ஊர் நகரி. ஆந்திராவில் இருக்கும் ஊர், வீட்டில் பேசுவது தமிழ். இதை இங்கே யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. தமிழ்ச் சங்கத்தில் "ஓ, தெலுங்கா?" என்பார்கள். தெலுங்குச் சங்கத்தில் "தமிழா?" என்பார்கள். இரண்டு இடத்திலும் சாப்பாடு போடுவதால் நான் எதையும் மறுப்பதில்லை.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நான்கு பவர்லூம் தறிகள். அவை ஓடிய பட்டறைக்கு சிமெண்ட் ஷீட் கூரை. நான் எட்டாவது படிக்கும்போது அந்த ஷீட்டையெல்லாம் மாற்றினார்கள். வடமாலபேட்டையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். நைனா அவரிடம் கேட்டது மூன்று கேள்வி. எந்த ஊர், யார் மகன், இதற்கு முன்னால் யார் வீட்டுக்குப் போட்டாய். பதில் சொன்னதும் அம்மா உள்ளேயிருந்து தட்டு கொண்டுவந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே அட்வான்ஸ். மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. தாம்பூலம் கை மாறிவிட்டால் கொடுத்தவரும் பின்வாங்கக் கூடாது, வாங்கியவரும் பின்வாங்கக் கூடாது. அதற்குப் பிறகு "உன்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது" என்று கேட்டால், நீ திருடனா என்று கேட்டதாகத்தான் அர்த்தம்.

காகிதம் கேட்பது எங்கள் ஊரில் அதிகாரிகள் வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் எம்ஆர்ஓ ஆபீசில், அதாவது அந்த ஊர்த் தாசில்தார் ஆபீசில், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் நானும் நைனாவும் நின்றிருக்கிறோம். விண்ணப்பம் தெலுங்கில் இருக்க வேண்டும். நைனாவுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவரிடம் கொடுத்து எழுதி வாங்கிக் கொடுப்போம். உள்ளே இருப்பவர் அதைப் பார்த்து, "இதி காதய்யா" என்று திருப்பித் தருவார். இது இல்லையாம். எது என்று சொல்லமாட்டார். மறுபடியும் வாசல். ஆயிரம் பேர் எங்களிடம் காகிதம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் யாரிடமும் ஒரு காகிதம் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் ஃப்ளோரிடா வரை கூடவே வந்துவிட்டது.

3

கோயில் வாட்ஸப் குழுவில் "கூரைக்கு ஆள் வேண்டும்" என்று போட்டேன். ஒருவர் முரளி என்று ஒரு பெயரும் நம்பரும் அனுப்பினார். போன் செய்தேன். முதலில் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். நான் முகவரி சொல்லும்போது உமா எதையோ கேட்க, "இரு, பேசிக்கினு கீறேன்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"சார், நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார் முரளி.

"நகரி."

"அய்யய்யோ! நா வரதய்யபாளையம் சார். எங்க மாமா நகரில தான் தறி ஓட்டிக்கினு கீறாரு!"

அந்த நிமிடமே வேலை அவருக்கு என்று முடிவாகிவிட்டது. மறுநாள் மாலை வந்தார். நாற்பது வயதிருக்கும். தொப்பி, முழங்கால் வரை கால்சட்டை, பெரிய பிக்கப் வண்டி. உமா வடை சுட்டாள். இரண்டு மணிநேரம் பேசினோம். சத்தியவேட்டிலிருந்து கிளம்பும் கடைசி பஸ், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்தபின் வரதய்யபாளையத்தில் ஏறிவிட்ட வாடகை, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் சட்னி நன்றாக இருக்கும், எல்லாம் பேசினோம். முரளி தமிழில் ஆரம்பித்த வாக்கியம் தெலுங்கில் போய் முடியும். எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது. கூரையைப் பற்றிப் பேசியது மொத்தம் பத்து நிமிடம். அதிலும் ஐந்து நிமிடம் நிறத்தைப் பற்றி.

பேசி முடித்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து உள்ளே போய்த் தட்டு எடுத்தேன். கொல்லையில் தொட்டியில் வெற்றிலைக்கொடி வைத்திருக்கிறேன். நான்கு இலை கிள்ளினேன். பாக்கு இருந்தது. வாழைப்பழம் பழுக்கவில்லை, ஆரஞ்சு வைத்தேன். மேலே நூற்றியொரு டாலர். முரளி தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நித்யா கேட்டாள்.

"அப்பா, லைசென்ஸ் நம்பர் என்ன?"

"நம்ம ஊரும்மா அவரு."

"ஓகே. நம்பர்?"

4

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் தேடிவிட்டாள். அரசாங்க இணையதளத்தில் முரளி என்ற பெயரில் கூரை போடுகிறவர் எங்கள் மாவட்டத்தில் ஒருவர்கூட இல்லை. முன்னால் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மாநிலம் முழுவதும் தேடினாள். இல்லை.

"லைசென்ஸ் இல்லாதவர் போட்டால் பெர்மிட் கிடைக்காது. பெர்மிட் இல்லைன்னா இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அப்போ இன்சூரன்ஸ் போயிடும். சரியா?" என்று என்னையே கேட்டாள். சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் தாம்பூலம் கொடுத்தாயிற்றே. அதை இவளுக்கு எப்படி விளங்கவைப்பது? முயற்சி செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சோ, இலை கொடுத்ததால கேள்வி கேட்கக் கூடாது?" என்றாள். அப்படிச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

உமா நேரடியாக, "போன் போட்டுக் கேளுங்க" என்றாள். கேட்கலாம். எப்படிக் கேட்பது? கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "உங்ககிட்ட லைசென்ஸ் கீதா?" என்றால் போலீஸ்காரன் பேச்சாக இருக்கிறது. "லைசென்ஸ் இருக்கிறதல்லவா?" என்றால் மேடைப் பேச்சு. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு" என்று ஆரம்பித்தால் சும்மா இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் தெலுங்கில் முயன்றேன். தெலுங்கில் வாக்கியக் கடைசியில் ஒரு "அண்டி" சேர்த்துவிட்டால் யாரிடமும் எதையும் மரியாதையாகக் கேட்டுவிடலாம். "லைசென்ஸ் உந்தா அண்டி?" நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடை தின்றுகொண்டு இரண்டு மணிநேரம் தமிழில் பேசிய மனிதரிடம் திடீரென்று தெலுங்கில் லைசென்ஸ் கேட்டால், அவர் என்ன நினைப்பார்?

அதனால் கோழைகள் செய்வதைச் செய்தேன். முரளி போட்டதாகச் சொன்ன வீடுகளைத் தேடிப் போனேன். ஒரு வீட்டு எதிரில் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தபடியே கூரையை அண்ணாந்து பார்த்தேன். நேராக இருந்தது. கூரை என்றால் நேராக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி வேறு என்ன தெரியும்? பத்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் நாயோடு வெளியே வந்து, என் கார் நம்பரைப் போட்டோ எடுத்தார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

இப்படி நாட்கள் ஓடின. முரளி இரண்டு தடவை போன் செய்தார். ஷிங்கிள் நிறம் முடிவாகிவிட்டதா என்று ஒரு தடவை. பெர்மிட்டுக்கு வீட்டுப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்று இன்னொரு தடவை. பெர்மிட் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வந்தது. அப்போதாவது கேட்டிருக்கலாம். "அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அனுப்பவுமில்லை. என் ஆபீசில் எவனாவது இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டுப் பதினொரு நாள் சொல்லாமல் இருந்தால், அவனை மீட்டிங்கில் உட்காரவைத்து நார் நாராகக் கிழித்திருப்பேன்.

5

பதினோராம் நாள் காலை மூன்றாவது தடவையாக முரளி கூப்பிட்டார். நான் போனைப் பார்த்தபடியே நின்றேன். நித்யா என் கையிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அங்கிள், நான் நித்யா. உங்க லைசென்ஸ் நம்பர் சொல்றீங்களா? நான் செக் பண்ணணும்."

நகரியில் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்கு வந்த மேஸ்திரியை இப்படிக் கேட்டிருந்தால் ஊரே கூடிப் பஞ்சாயத்து வைத்திருக்கும். முரளி சிரித்தார்.

"எழுதிக்கோம்மா" என்று கடகடவென்று சொன்னார். "ஆனா என் பேர்ல தேடாத, கெடைக்காது. லைசென்ஸ் சுகுணா பேர்ல கீது. என் மிசஸ்."

நித்யா தட்டினாள். சுகுணா என்ற பெயர் வந்தது. பக்கத்தில் பச்சை எழுத்தில் 'நடப்பில் உள்ளது' என்று போட்டிருந்தது. புகார் எதுவும் இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே முரளி?" என்றேன்.

"யாரும் கேக்கலியே சார். வெள்ளக்காரன் வீட்டுக்குப் போனா வாசல்லயே கேட்டுடுவான். கார்ட எடுத்து நீட்டிடுவேன். நம்ம ஆளுங்க யாரும் கேக்கறதில்ல. கேக்காம அவங்களா தேடிப் பாத்துட்டு, நா ஏமாத்தறவன்னு நெனச்சி வேற ஆள வெச்சிக்கறாங்க. இதுவரைக்கும் நாலு வேல அப்பிடி போயிடுச்சி."

ஐந்தாவது ஆளாக ஆகியிருக்க வேண்டியவன் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

"பேசறது நானு, பரிட்ச எழுதி பாஸ் பண்ணது அவ" என்று முரளியே மேலே சொன்னார். "ஞாயித்துக்கெழம அவ வந்து அளந்து பாக்கட்டும். அதுக்கப்பறம் தான் பெர்மிட்டுக்கு போடுவா. அவ பாக்காம கையெழுத்து போடமாட்டா."

6

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். சுகுணா குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். தலையை இழுத்துப் பின்னிக் கொண்டை போட்டு, இடுப்பில் அளவு டேப் மாட்டியிருந்தார். காபி வேண்டாம், அப்புறம் என்று சொல்லிவிட்டு நேராக ஏணியைச் சாத்தி மேலே ஏறிவிட்டார். முரளி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே முக்கால் மணிநேரம் நடந்து, குனிந்து, தட்டிப் பார்த்து, போட்டோ எடுத்தார். என் வீட்டுக் கூரை மேல் ஒரு மனிதர் அத்தனை நேரம் செலவழித்தது அதுதான் முதல் தடவை. இறங்கி வந்ததும் வீட்டைச் சுற்றி நடந்தார். கொல்லைப்பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டார்.

அங்கே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நைனா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்தார். கொல்லையில் மரம் ஒன்றுதான், அதுவும் மூலையில். அவர் உட்கார நிழல் வேண்டும் என்று, அவர் வருவதற்கு முன்பே நானே கடையில் தகர ஷீட்டும் மரச்சட்டமும் வாங்கி, வீடியோ பார்த்து, இரண்டு சனி ஞாயிறில் போட்டது. ஒரு பக்கம் வீட்டுக் கூரை விளிம்போடு சேர்த்து அடித்திருந்தேன். மறுபக்கம் இரண்டு கால். முடித்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டோ அனுப்பினேன். புயல் எச்சரிக்கை வந்தால் அதை நைலான் கயிற்றால் மரத்தோடு இழுத்துக் கட்டிவிடுவேன். கட்டிவைக்க வேண்டிய ஒரு கூரையில் ஏதோ குறை இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

"அண்ணா, இத யாரு போட்டது?" என்றார் சுகுணா.

"நான்தாம்மா."

"பெர்மிட்டு?"

"அது... பின்னால தான கீது. யாரு பாக்கப் போறாங்கன்னு..."

"லைசென்ஸ்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கையில் இருந்த படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, அதனால் கேட்டார். ஆனால் என் பக்கத்தில் நின்றிருந்த நித்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஓடிவிட்டாள். சமையலறையிலிருந்து அவளும் உமாவும் சிரிப்பது கேட்டது.

"இல்லம்மா" என்றேன்.

சுகுணா படிவத்தை மடித்தார். "இத எறக்காம நா பெர்மிட்டு போட முடியாது அண்ணா."

கடிதம் வந்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. அதற்கு மேல் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கெஞ்ச ஆரம்பித்தேன். அதுவும் சுத்தமான நகரித் தமிழில். "சுகுணா, இன்ஸ்பெக்டரு மேல ஏறி பாத்துட்டு போயிடுவாரு. பின்னால எங்க வரப்போறாரு? வந்தா நா பேசிக்கறேன். நம்ம ஊருக்காரங்க நாம, ஒருத்தருக்கொருத்தர் இதுகூடவா பண்ணிக்கக் கூடாது?"

முரளி எங்கேயோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணா, இது உங்க கூர வெளிம்புல சேத்து அடிச்சிக்கீது. அந்த ஓரத்து ஷிங்கிள எடுக்கணும்னா இத தொடணும். தொட்டா இதுவும் என் பேர்ல வந்துடும். இன்ஸ்பெக்டரு பாத்து எழுதினார்னா என் லைசென்ஸ் போச்சு. மூணு தடவ ஃபெயிலாயி நாலாவது தடவ வாங்கினது அது. பொண்ண தொட்டில்ல போட்டு, காலால ஆட்டிக்கினே படிச்சேன். இங்கிலீஷ் புக்கு. ஒவ்வொரு வார்த்தையும் தெலுங்குல எழுதி வெச்சிக்கினு படிச்சேன். இவரு பகல்லாம் வெயில்ல கூர மேல. நா வீட்ல அந்த புக்கோட. அத நீங்க போட்ட தகரத்துக்காக குடுக்கச் சொல்றீங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையாகவே. லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று பதினொரு நாள் தூக்கம் கெட்டவன், அது இருக்கிறது என்று தெரிந்த நான்காவது நாளே அதைத் தூக்கி எறியச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். அதுகூடச் சரியாக வாயில் வரவில்லை.

"தாம்பூலம் எங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா" என்றார் சுகுணா. "நீங்க இத எறக்கிட்டு போன் பண்ணுங்க. மறுநாளே பெர்மிட்டுக்கு போடறேன். டைம் கீது." பிறகு, "இப்ப அந்த காபிய குடுங்க" என்றார்.

7

கூரை போட்டாயிற்று. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார், மேலே ஏறினார், கொல்லைக்கும் போய்ப் பார்த்தார். பச்சைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார். இன்சூரன்ஸ்காரர்கள் மறுபடி "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று எழுதி, இன்னும் ஒரு வருடத்துக்கு என்னைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மழை பெய்தால் இப்போது சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறது.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கொட்டகையைப் பிரித்த சனிக்கிழமை. நானும் நித்யாவும்தான் பிரித்தோம். ஒருநாள் முழுக்க ஆகும் என்று நினைத்து உமா மத்தியானத்துக்குப் புளிசோறு கட்டி வைத்திருந்தாள். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுப் பக்கம் ஒரு நீளமான சட்டத்தை எட்டு திருகாணி போட்டு முடுக்கியிருந்தேன். நித்யா ஏணியில் நின்று முதல் ஆணியைக் கழற்ற மெஷினை வைத்தாள். அது சும்மா சுற்றியது. "அப்பா, இது எதுலயும் பிடிக்கலையே" என்றாள். விரலாலேயே இழுத்தாள். வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. எட்டில் மூன்றுதான் மரத்தில் இறங்கியிருந்தன. மீதி ஐந்தும் வெளியே இருக்கும் மெல்லிய பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே காற்றில் நின்றிருக்கின்றன. ஆறு வருடமாக.

நித்யா அந்த ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தாத்தா இதுக்குக் கீழயா உட்கார்ந்திருந்தார்?"

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தகரம் ஒன்றின் எடை என்னவென்று அப்போதுதான் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்திருந்தேன்.

எவ்வளவு யோசித்தும், நைனா அதற்குக் கீழே உட்கார்ந்ததாக எனக்கு நினைவே வரவில்லை. காலையில் நாற்காலியை நான் கொட்டகைக்குள்ளே தள்ளிப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போவேன். மாலை வந்து பார்த்தால் அது புல்லில், வெயிலில் கிடக்கும். அவருக்கு வெயில் பிடிக்கும் போல என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். உமா ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். நித்யாவுக்கு அப்போது பத்து வயது. "என்னையும் எப்பவும் 'இங்க வா பாப்பா, இங்க வந்து ஆடு'ன்னு புல்லுக்குக் கூப்பிடுவார்" என்றாள்.

அங்கேயிருந்தே போன் செய்தேன். நகரியில் சாயங்காலம். பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னாடா, துன்னியா?" என்றார்.

"இன்னும் இல்ல நைனா. கொல்லையில போட்டேனே, அந்த ஷீட்ட பிரிச்சிட்டேன்."

"பிரிச்சிட்டியா? நல்ல வேல பண்ணே."

"இன்னா நைனா, இப்பிடி சொல்ற?"

"அது நிக்காதுடா. வந்த மொத நாளே பாத்தேன். பட்டறை ஷீட்டுல எத்தினி தடவ ஏறி எறங்கிக்கீறேன், எனக்குத் தெரியாதா? நீ ஆபீஸ் போனப்பறம் அந்தத் திருகாணிய ரெண்டு தடவ முறுக்கிகூட பாத்தேன். பிடிக்கல."

"சொல்லியிருக்கலாமே."

"எப்பிடி சொல்றது? நீ வெயில்ல நின்னு எனக்கோசரம் ஆசையா போட்டது. ஊருக்கெல்லாம் போட்டோ வேற அனுப்பிக்கீற. நா போய் இது சரியில்லன்னா உன் மனசு இன்னா ஆவும்?"

"மேல விழுந்திருந்தா இன்னா நைனா பண்றது?"

"அதான் வெளிய உக்காந்தேனே" என்று சிரித்தார். "பாப்பா அதுக்குக் கீழ போவாம பாத்துக்க ஒரு ஆளு வேணும் இல்ல?"

அவருக்கு நிழல் வேண்டும் என்று நான் போட்ட கூரை அது. ஆறு மாதமும் அவர் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தார்.